நீல நாக்கு, சிவப்புப் பென்சில்

சலீரென்று கண்ணாடி உடைந்தது. அடுத்த நொடி முற்றத்து வாத்துகள் அத்தனையும் சேர்ந்து கத்த ஆரம்பித்தன.

இன்ஸ்பெக்டர் ராடோவன் பாதி முகம்தான் சவரம் செய்திருந்தார். கை அதிர்ந்ததில் கத்தி கன்னத்தில் ஒரு கோடு போட்டுவிட்டது. எல்லைக்கோடு போட வந்த ஊரில் முதல் கோடு என் முகத்திலா என்று பல்லைக் கடித்தபடி, நுரையும் ரத்தமுமாக நடைக்கு ஓடினார்.

பக்கத்து அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பேராசிரியர் கெடியோன் முழங்கால் வரை தொங்கும் ராத்திரிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தாடி நடுங்கியது. கையில் ஒரு நீளத் தகரக் குழாய். அதன் மூடி தரையில் உருண்டு கிடந்தது.

"போச்சு! என் மேப் போச்சு, இன்ஸ்பெக்டர்! ஜன்னலை உடைச்சுக்கிட்டு எவனோ வந்துட்டான்!"

ராடோவன் குழாயை வாங்கிக் கவிழ்த்தார். காற்றுதான் விழுந்தது.

"யாரையாவது பார்த்தீங்களா?"

"முதுகைப் பார்த்தேன்."

"எப்படிப்பட்ட முதுகு?"

"முதுகு முதுகு மாதிரிதான் இருந்துச்சு!" என்று சீறினார் பேராசிரியர்.

நடையில் தடதடவென்று பூட்ஸ் சத்தம். உதவியாளர் நெஸ்தோர் ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் பாலாடைக்கட்டியுமாக வந்து சேர்ந்தான். திருட்டு, கொலை, தீ, எது நடந்தாலும் நெஸ்தோர் சாப்பாட்டோடுதான் வருவான். இரண்டு வருஷமாக ராடோவனுக்குப் பழகிப் போன விஷயம்.

"சார், உங்க கன்னத்துல எல்லைக்கோடு வடக்கு தெற்கா போகுது. மீசையை அந்தப் பக்கத்து நாட்டுக்கு விட்டுக் கொடுத்துட்டீங்களா?"

"வாயை மூடு. மேப் திருடு போச்சு."

நெஸ்தோரின் வாய் உண்மையிலேயே ஒரு நொடி மூடிக்கொண்டது. பிறகு மெல்ல ஆரம்பித்தது.

அவன் பின்னால் விடுதிக்காரி யூலா வந்து நின்றாள். நாற்பது வயதுக்காரி. மாவு படிந்த கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யா, அப்போ என் திராட்சைத் தோட்டம்?"

எல்லோருக்கும் பதில் தெரியும்.

உலகப் போர் முடிந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. பழைய சக்கரவர்த்தியின் நிலத்தைச் செர்பியத் தலைநகர் பெல்கிரேடும் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பெரிய வெட்டுகளைப் பாரிஸில் வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த துண்டு துணுக்குகளில் ஒன்றுதான் இந்த ட்ரெஷ்னியா. இன்று மத்தியானம் பிரெஞ்சுக் கர்னல் பெஷார் இதே விடுதிக்கு வந்து, இதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஊரின் தலையெழுத்தை எழுதப் போகிறார்.

வீடுகள் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். திராட்சை மலை அந்தப் பக்கம். ஊரும் மலையும் சேர்ந்து நம்முடையது என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி பேராசிரியரின் வரைபடம்தான். அதில் ட்ரெஷ்னியா முழுக்க நீலம். நீலம் என்றால் செர்பியர். அதைக் காட்டினால் கோடு மலையைத் தாண்டி ஓடைக்கரையோடு போகும். காட்டாவிட்டால் கர்னல் தன் சிவப்புப் பென்சிலை ரயில் பாதை மேலேயே இழுத்துவிடுவார். வீடு ஒரு நாடு, தோட்டம் ஒரு நாடு.

"என் கொடியை நறுக்க நான் பாஸ்போர்ட் வாங்கணுமா?" என்றாள் யூலா. "என் புருஷன் நட்ட கொடிங்கய்யா அதெல்லாம். நீலமோ மஞ்சளோ, எங்களுக்கு எதுவும் வேண்டாம். ரெண்டும் ஒரே பக்கம் இருந்தா போதும்."

"மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவேன், யூலாம்மா."

"நேத்து ராத்திரி சாப்பிடறப்போகூட இந்த அய்யாகிட்ட பழைய கதை ஒண்ணு சொல்லிட்டிருந்தேன். நல்லாத்தான் இருந்தார். திடீர்னு ஸ்பூனைக் கீழ வெச்சுட்டு..."

"கதையெல்லாம் அப்புறம்மா!" என்று வெட்டினார் ராடோவன். "காலையில இந்த வீட்டுல இருந்து யாராவது வெளிய போனாங்களா?"

யூலா யோசித்தாள். "ருமேனியாவுக்காகப் பேச வந்த வக்கீல் போனார். லிவியு அய்யா. ஸ்டேஷனுக்கு வண்டி கேட்டார். கையில நீளமா ஒரு தகரக் குழாய் வெச்சிருந்தார்."

ராடோவனும் நெஸ்தோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதுகு கிடைச்சுது," என்றான் நெஸ்தோர்.

*

ட்ரெஷ்னியாவின் சேற்றை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. குதிரை வண்டி விடுதி வாசலைத் தாண்டியதும் அச்சு வரை இறங்கிக்கொண்டது. ராடோவன் இறங்கித் தள்ளினார். வண்டி நகர்ந்தது; அவருடைய இடது பூட்ஸ் நகரவில்லை. அதைப் பிடுங்குவதற்குள் வலது பூட்ஸ் மாட்டிக்கொண்டது.

"இந்த ஊரை ருமேனியாவுக்கே குடுத்துட்டா என்ன சார்? சேத்தையும் சேர்த்துக் குடுத்துடலாம்."

"தள்ளுடா!"

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு ஒரு சந்தேகம், கேக்கலாமா? ஊர் முழுக்க நீலம்னு பேராசிரியர் எப்படி முடிவு பண்ணினார்? வீடு வீடா போய்க் கேட்டாரா?"

"கேக்க முடியாதுடா. போருக்கு முந்தின வருஷம். சக்கரவர்த்தியோட போலீஸ் வாலைப் பிடிச்ச மாதிரி பின்னாலேயே வரும். அதனால மெழுகு வாங்குற வியாபாரி வேஷத்துல வந்தார். புனித மைக்கேல் பண்டிகை சாயங்காலம். வண்டியில போய்க்கிட்டே, எந்தெந்த ஜன்னல்ல மெழுகுவத்தி எரியுதுன்னு பார்த்துக் குறிச்சுக்கிட்டார். குடும்பத்துக்கு ஒரு புனிதர்னு வெச்சு, அவர் பண்டிகைக்கு மெழுகுவத்தி ஏத்துறது நம்ம செர்பிய ஆளுங்கதானே? ருமேனியக்காரங்க ஏத்த மாட்டாங்க. மேப்புல வீட்டுக்கு ஒரு புள்ளி. இந்த ஊர்ல ஒரு வீடு பாக்கி இல்லாம எரிஞ்சுது. அந்த யுக்தியைக் கேட்டுட்டு பாரிஸ்ல பெரிய பெரிய மந்திரிங்க எல்லாம் எழுந்து நின்னு கை குடுத்தாங்களாம்."

நெஸ்தோர் தள்ளுவதை நிறுத்தினான். "ஒரு வீடு பாக்கி இல்லாமலா? ஊருக்கே ஒரே புனிதரா? எங்க தெருவுல ஏழு வீடு, அஞ்சு புனிதர். மைக்கேலுக்கு இங்க மட்டும் ஓவர்டைம் போல."

"பேராசிரியரைவிட உனக்குத் தெரியுமோ? தள்ளு. இன்னொண்ணு, இந்த மெழுகுவத்தி விஷயம் ஊர்க்காரங்க யார் காதுலயும் விழக் கூடாது. தெரிஞ்சா நாளைக்கே மாட்டுக் கொட்டகையிலகூட மெழுகுவத்தி ஏத்தி வெப்பாங்க. அப்புறம் எந்தச் சாட்சிக்கும் மதிப்பு இருக்காது."

*

ஸ்டேஷனில் வக்கீல் லிவியு மரப் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ரோமத் தொப்பி, பளபளக்கும் ரப்பர் காலணி. ஒரு பொட்டுச் சேறு இல்லை. அது ஒன்றே ராடோவனின் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. மடியில் தகரக் குழாய்.

"வக்கீல் சார், அந்தக் குழாயைக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்கு?" லிவியுவுக்குச் செர்பிய மொழி தண்ணீர் பட்ட பாடு. பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்தவர்.

"எங்க மேப் காணாம போச்சு."

லிவியுவின் முகம் மாறியது. அது பயமாக இல்லை. கோபமாக இருந்தது. "காணாம போச்சா? இன்னிக்குப் பார்த்தா காணாம போகணும்?"

"குழாயைத் திறங்க."

திறந்தார். மேலே ஒரு காகிதம் எட்டிப் பார்த்தது. ராடோவன் பாய்ந்து இழுத்தார். காகிதத்துக்குள் ஒரு முழத்துக்கு மேல் நீளமான சாசேஜ். பூண்டு வாசனை பிளாட்பாரம் முழுக்கப் பரவியது.

நெஸ்தோர் குனிந்து மரியாதையாக முகர்ந்தான். "சார், மேப் இல்லை. ஆனா வாசனை மட்டும் நாடு விட்டு நாடு போகும்."

"ரயில்ல வர்ற கர்னலுக்கு இது ரொம்ப இஷ்டம்," என்றார் லிவியு. "நசுங்காம இருக்கட்டும்னு குழாயில போட்டேன். பாருங்க ராடோவன், ஒரு மேப்பைக் காவல் காக்க உங்க ஆளுங்க ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பினாங்க. எங்க ஆளுங்க ஒரு சாசேஜுக்கு ஒரு வக்கீலை அனுப்பினாங்க. எது பத்திரமா இருக்கு?"

ராடோவனின் காது சிவந்தது. "மேப் இல்லாட்டி லாபம் உங்களுக்குத்தானே? மலை உங்களுக்கு வந்துடும்."

"யோசிச்சுப் பேசுங்க. நேத்துச் சாயங்காலம் பக்கத்து ஊர்ல கர்னல்கிட்ட நான் என்ன கேட்டேன்? அந்த மேப்பைக் கையில வெச்சுக்கிட்டு வீடு வீடா போவோம், ஒவ்வொரு புள்ளியையும் விசாரிப்போம்னு கேட்டேன். அவரும் சரின்னுட்டார். பேராசிரியரும் பக்கத்துலதான் இருந்தார். அந்த மேப்பை உடைக்கிறதுக்கு எனக்கு அந்த மேப்பே வேணும். அதை நானே திருடுவேனா?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்வியைப் போல எரிச்சலூட்டுவது உலகத்தில் வேறு எதுவும் இல்லை. ராடோவன் சாசேஜைத் திரும்பக் காகிதத்தில் சுற்றினார். சுற்றத் தெரியவில்லை. லிவியுவே வாங்கிச் சுற்றிக்கொண்டார்.

*

திரும்பி வந்ததும் சேற்றுக் காலோடு நேராகப் பேராசிரியர் அறைக்குள் நுழைந்தார் ராடோவன். பேராசிரியர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"எழுந்திருக்க வேண்டாம். ஜன்னலை மட்டும் பார்க்கணும்."

இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லா ஜன்னலும் இரட்டை ஜன்னல்தான். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவே ஒரு சாண் இடைவெளி. குளிர்காலத்தில் அந்த இடைவெளியை யாரும் சும்மா விடுவதில்லை. யூலாவும் விடவில்லை. வரிசையாக மிளகாய் ஊறுகாய் ஜாடிகள். சிவப்பு, பச்சை, மறுபடி சிவப்பு.

வெளி ஜன்னலின் கண்ணாடி முழுக்க உடைந்திருந்தது. உள் ஜன்னலில் கீறல்கூட இல்லை, கொக்கியும் மாட்டியே இருந்தது. ராடோவன் கொக்கியைக் கழற்றி உள் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார். கண்ணாடித் துண்டுகள் கீழே முற்றத்தில் வாத்துகளுக்கு நடுவே கிடந்தன.

"நெஸ்தோர், இந்த ஜாடிங்களைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?"

"பசிக்குது."

"அதைத் தவிர."

நெஸ்தோர் பார்த்தான். அவனுடைய கண்கள் மெல்ல அகன்றன. "ஒரு ஜாடிகூட விழலை."

"ஆள் உள்ள வரணும்னா ஜாடிங்களை இடிக்காம வர முடியாது."

"ஊறுகாய்க்கு மரியாதை குடுக்கிற திருடனா இருந்தா?"

"அப்படி ஒரு திருடன் இன்னும் பிறக்கலை. உள்ள இருந்த யாரோ இந்த ஜன்னலைத் திறந்து, ஜாடிங்களுக்கு மேலே கையை நீட்டி, வெளிக் கண்ணாடியைத் தட்டி உடைச்சுட்டு, மறுபடி கொக்கியைப் போட்டிருக்காங்க."

கட்டிலில் போர்வை லேசாக அசைந்தது. ராடோவன் கவனித்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் பேராசிரியர் மறுபடி முதுகைப் பற்றிச் சொல்லுவார். வரைபடம் கைக்குக் கிடைத்தால் கேள்வியே தேவையில்லை. அது இந்த வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

தேடினார்கள். மெத்தைகளைப் புரட்டினார்கள். மாவுப் பானைக்குள் கையை விட்டார்கள். அலமாரி மேல் அடுக்கியிருந்த சீமை மாதுளைகளைக் கீழே இறக்கித் திரும்ப அடுக்கினார்கள். கணப்புச் சாம்பலைக் கிளறினார்கள். ராடோவனின் சட்டை, முழங்கை வரை கறுத்தது. ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்கவில்லை.

சமையலறையில் முக்காலியில் சரிந்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மேஜை அகலம் மேப்புடா அது! துணி ஒட்டின மேப்! எப்படிக் காத்துல கரைஞ்சு போகும்?"

"மேப்புன்னா அப்படித்தான் சார். நம்ம நாடே மூணு வருஷமா கரையறதும் உறையறதுமாத்தானே இருக்கு," என்று வாயை அகலத் திறந்து சிரித்தான் நெஸ்தோர்.

யூலாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அய்யோ தம்பி! உன் நாக்கு!"

"என் நாக்குக்கு என்ன? கொஞ்சம் நீளம், எல்லாரும் சொல்றதுதான்."

"நீளம் இல்லைப்பா, நீலம்!"

ராடோவன் எழுந்து அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நாக்கு, ஈறு, உதட்டோரம், எல்லாம் வானத்து நீலம்.

நெஸ்தோருக்கு வியர்த்துவிட்டது. "விஷமா சார்? எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலை!"

"காலையில என்ன தின்னே?"

"ரொட்டி. பாலாடைக்கட்டி. அப்புறம் கொஞ்சம் பாலாடைக்கட்டி. அப்புறம்..."

ராடோவனின் பார்வை அடுப்புக்கு மேலே போனது. உத்தரத்துக் கொக்கியில், தண்ணீர் வடிவதற்காகத் துணியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது புதுப் பாலாடைக்கட்டி. ஒரு பக்கம் நன்றாகக் குடைந்து தின்னப்பட்டிருந்தது. கழற்றி மேஜையில் வைத்துத் துணியைப் பிரித்தார். வெள்ளைக் கட்டியின் மேல் தோல் முழுக்க மேகம் மேகமாக நீலம்.

"இது என் துணியே இல்லையே!" என்றாள் யூலா. "என்னுது மெல்லிசா இருக்கும். இது சாக்கு மாதிரி இருக்கு. விடியறப்போ துணிக்கயித்துல தொங்கிச்சு. இருட்டுல எதுன்னு பார்க்காம எடுத்துக் கட்டிட்டேன்."

ராடோவன் துணியின் விளிம்பைத் தடவினார். பசை. பசையில் ஒட்டியபடி விரல் நகம் அளவுக்குக் காகிதம். காகிதத்தில் வரிசையாக ஐந்தாறு கறுப்புப் புள்ளிகள்.

"மேப்பை வெந்நீர்ல ஊற வெச்சா நீலம் துணியில இறங்கி, காகிதம் உரிஞ்சு வந்துடும். காகிதம் அடுப்புக்குப் போயிடுச்சு. துணியைப் பிழிஞ்சு, துணியோட துணியா கயித்துல போட்டாச்சு. யூலாம்மா, நேத்து ராத்திரி வெந்நீர் கேட்டது யார்?"

யூலா தயங்கினாள். "பேராசிரியர் அய்யாதான். ஒரு பெரிய தொட்டி நிறைய. கால் வலிக்குதுன்னார்."

"அப்போ நான் தின்னது..." நெஸ்தோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"ட்ரெஷ்னியா," என்றார் ராடோவன் வறட்சியாக. "வீடு, மலை, சர்ச், எல்லாத்தையும் ரொட்டியில வெச்சுத் தின்னுட்டே."

*

பேராசிரியர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கோட் போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, பாரிஸுக்குப் போகிறவர் மாதிரி. ராடோவன் ஈரத் துணியை அவர் மடியில் போட்டார்.

"ஏன்?"

பேராசிரியர் துணியை மெதுவாக மடித்தார்.

"எவ்வளவு வாங்கினீங்க? யார்கிட்ட?"

கிழவரின் முகம் கறுத்தது. "நான் விலைக்குப் போறவன் இல்லை."

"பின்னே ஏன்? முப்பது வருஷ உழைப்புன்னு சொன்னீங்களே! இதை வெச்சுத்தானே பாரிஸ்ல பாதிக் கோடு போட்டாங்க? வெளிய ஒருத்தி நிக்கிறா. அவ புருஷன் நட்ட தோட்டம் உங்க நீலத்துலதான் இருந்துச்சு. அவளுக்கு என்ன பதில் சொல்றது?"

"திருடு போச்சுன்னு சொல்லுங்க. அறிக்கையிலயும் அப்படியே எழுதுங்க. திருடு போன மேப்பை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

"திருடு போகலையே!"

"அப்படி எழுதுங்கன்னுதான் சொல்றேன்."

ராடோவன் சுவரில் ஓங்கிக் குத்தினார். சுண்ணாம்பு உதிர்ந்தது, கை வலித்ததுதான் மிச்சம். திருடன் கிடைத்துவிட்டான், திருட்டும் கிடைத்துவிட்டது. காரணம் மட்டும் கையில் சிக்காமல் நழுவியது. காரணம் தெரியாத துப்பு, சேற்றில் மாட்டிய பூட்ஸ் மாதிரி. காலுக்கும் உதவாது, விட்டுவிட்டும் போக முடியாது.

கதவருகே யூலா எட்டிப் பார்த்தாள். "அய்யா, நேத்து நான் சொன்ன அந்தக் கதையைக் கேட்டுட்டுதான் இவருக்கு முகம் செத்துப்போச்சு. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலை. இவர் வண்டி அன்னிக்கு..."

"யூலாம்மா, கையெடுத்துக் கும்பிடுறேன். இப்போ கதை வேண்டாம்!"

அப்போது வாசலில் வாத்துகள் மறுபடி கத்தின. நெஸ்தோர் ஓடி வந்தான். "சார்! கர்னல் வந்துட்டார்! கையில சாசேஜ், காதுல பென்சில்!"

*

கர்னல் பெஷார் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிட நினைக்கும் ரகம். மேஜையில் தன் ராணுவ வரைபடத்தை விரித்தார். காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டார். எதிரே லிவியு உட்கார்ந்தார். கர்னல் பேசியதை நெஸ்தோர் மொழிபெயர்த்தான். சலோனிக்காப் போர்முனையில் காயம்பட்டுக் கிடந்தபோது பிரெஞ்சு நர்ஸுகளிடம் கற்றுக்கொண்ட பாஷை அது. அவன் வாயைத் திறந்ததும் கர்னல் அவனுடைய நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேப் இல்லையாமே? வருத்தமா இருக்கு. அப்போ ரயில் பாதைதான். ரயில் பாதை பொய் சொல்லாது," என்றார் கர்னல்.

பென்சில் முனை இறங்கி ரயில் பாதையின் ஒரு நுனியைத் தொட்டது. அடுப்பருகே நின்ற யூலா கண்ணை மூடிக்கொண்டாள்.

ராடோவனுக்குள் ஏதோ பொறி தட்டியது. காலையிலிருந்து அவருக்குத் தோன்றிய முதல் நல்ல யோசனை.

"ஒரு நிமிஷம், கர்னல்! மேப் எதுக்கு? அது சொன்னதை இந்த ஊரே சொல்லுமே. நேத்து வக்கீல் சார் என்ன கேட்டார்? வீடு வீடா விசாரிக்கணும்னார். விசாரிப்போம். மைக்கேல் பண்டிகை சாயங்காலம் இங்க மெழுகுவத்தி எரிஞ்சுதா, இல்லையா? முதல் வீடு இதுதான்."

கர்னல் லிவியுவைப் பார்த்தார்.

"எனக்குச் சம்மதம்," என்றார் லிவியு. "ஆனா சாட்சிகிட்ட யாரும் முன்னாடியே பேசியிருக்கக் கூடாது."

"ஒரு வார்த்தை பேசலை. எதுக்காகக் கேக்கிறோம்னே அந்தம்மாவுக்குத் தெரியாது. சத்தியம்."

அதுவும் உண்மைதான். காலையிலிருந்து அவள் பேச வந்தபோதெல்லாம் வாயை அடைத்தவர் அவர்தானே!

நடையில் நாற்காலி விழும் சத்தம். பேராசிரியர் கதவில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வேண்டாம்! அவளைக் கேக்காதீங்க! இன்ஸ்பெக்டர், கோடு எங்க வேணும்னாலும் போகட்டும், அவளை மட்டும் கேக்காதீங்க!"

ராடோவன் யூலாவைத் திரும்பிப் பார்த்தார். கீழே வைத்த ஸ்பூன். பாதியில் நின்ற கதை. ஊருக்கே ஒரே புனிதர். ஆனால் அதற்குள் நெஸ்தோர் கேட்டு முடித்துவிட்டான்.

"யூலாம்மா, போருக்கு முந்தின வருஷம், இந்த அய்யா மெழுகு வியாபாரியா வந்த சாயங்காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

யூலா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கடைசியில் அவளையும் ஒருவர் கேட்டுவிட்டார்! முகம் மலர்ந்தது.

"ஏன் இல்லாம? இவர் வண்டி சேத்துல மாட்டி, ஊர் ஆம்பளைங்க எல்லாம் சேர்ந்து தள்ளின சாயங்காலமாச்சே! அதைத்தான் நான் காலையில இருந்து..."

"அன்னிக்கு வீட்டுல மெழுகுவத்தி எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதே. எங்க வீட்டுல மட்டும் இல்லை, ஒரு வீடு பாக்கி இல்லாம எரிஞ்சுது."

நெஸ்தோர் நீல நாக்கால் மொழிபெயர்த்தான். கர்னல் புருவத்தை உயர்த்தினார். சிவப்புப் பென்சில் ரயில் பாதையிலிருந்து எழும்பி, மலையைத் தாண்டி, ஓடைக்கரைக்கு மேலே போய் நின்றது. யூலா அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

லிவியு முன்னால் சாய்ந்தார். அவர் குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. "எந்தப் புனிதருக்கும்மா ஏத்தினீங்க?"

தடுக்க நினைத்து ராடோவன் கையை உயர்த்தினார்.

"புனிதருக்கா?" யூலா சிரித்துவிட்டாள். "நல்லாக் கேட்டீங்க போங்க! இவர் வண்டி மாட்டுறதுக்கு முந்தின வாரமே அதே சேத்துல மண்ணெண்ணெய் வண்டி மாட்டிக்கிச்சே அய்யா, வேற எதை வெச்சு நாங்க விளக்கேத்துறது?"